அழாத வீடு

நண்பகல் லுஹர் பாங்கு கேட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்று தொட்டில் பக்கம் கை நீட்டினேன். அதற்குள் பின்னேர அஸர் பாங்கு சொல்கிறார்கள். பிள்ளை பால் குடித்து முடித்துத் தொட்டிலில் கிடந்தாள். என் தலை சீவிக் கொண்டை போட்டிருந்தது. யார் சீவியது என்று ராத்தாவைக் (அக்காவை) கேட்டேன்.

"நீதானே சீவினாய். சீவிக்கிட்டே என்னோட எவ்வளவு கதைச்சாய்! மறந்திட்டியா?"

என் வருத்தத்தின் (நோயின்) முதல் அறிகுறி இதுதான். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கும்தானே என்று நான் விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் நீங்கள் விட்டுவிடாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாலு வருஷத்துக்கு முந்தி, தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகள் றிஸ்னா பிறந்து அப்போதுதான் நாற்பது நாள் கழிந்திருந்தது. மையத்தை (உடலை) எடுக்கும்போது நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. டொக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து டயஸிபாம் (பதற்றத்தைத் தணித்து நித்திரை தரும் குளிசை) எழுதித் தந்தார். சில நாளைக்கு மட்டும் என்றார். கைக்குழந்தை இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பிறகு இத்தா இருந்தேன். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் கடமை அது. வெள்ளை உடுப்பு, ஓர் அறை, வாசலுக்குத் திரை. எங்கள் வீட்டில் கண்ணாடியையும் துணி போட்டு மூடினார்கள். மார்க்கம் சொன்னதல்ல, பழைய ஆட்களின் பழக்கம். அதனால் என் முகம் என்ன ஆனது என்று எனக்கே தெரியாது.

நான் அறைக்குள் இருந்தேன். டொக்டரின் துண்டு (மருந்துச் சீட்டு) மட்டும் வெளியே போய் வந்தது. குளிசை முடிய முடிய ராத்தா அதைப் பாமசிக்குக் கொண்டுபோவாள். "இத்தாவில இரிக்கிற புள்ளைக்கு" என்றால் போதும், கடைக்காரர் இரக்கப்பட்டு இன்னுமொரு காட் (குளிசை அட்டை) கூட்டித் தருவார். என்னைப் பார்க்க வந்த பெண்களும் தங்களுக்கு எழுதித் தந்த குளிசைகளில் கொஞ்சம் வைத்துவிட்டுப் போவார்கள். பலகாரம் கொண்டுவருவதைப் போல அவ்வளவு அன்பாக! குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோபம் இன்னும் இருக்கிறது.

அழுவதை நிறுத்தினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க இருப்பேன். "இவட சபுரைப் பாருங்ககா" என்று ஊரே மெச்சியது. சபுர் என்றால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்திருப்பது. நான் எதையும் பொறுக்கவில்லை. பொறுப்பதற்கு அந்த அறையில் நான் இருக்கவில்லை.

றிஸ்னாவும் அழுவதை நிறுத்தினாள். பசிக்கும் அழவில்லை, ஈரத்துக்கும் அழவில்லை. கண் பாதி திறந்து கிடக்கும். பார்வை என் தோளுக்குப் பின்னால் யாரிலோ நிற்கும். நான் திரும்பிப் பார்ப்பேன், திரை மட்டும் ஆடும். "தங்கமான புள்ள, உம்மாட நிலம வெளங்கி அடங்கிட்டு" என்றார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கடல் இரைச்சல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு தடவை ஹர்த்தால் வந்து கடைகள் திறக்கவில்லை. குளிசை தீர்ந்தது. என் தோலுக்கு அடியில் எறும்பு ஊரத் தொடங்கியது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சீலை மூச்சு விட்டது. திரைக்கு வெளியே என் கணவர் வழக்கம்போல் தொண்டையைச் செருமினார். "அவர் வந்து நிக்காரு, உள்ள வரச் செல்லுங்க" என்று கத்தினேனாம். கை கால் உதறியது. றிஸ்னாவும் உடம்பை முறுக்கி அலறினாள்.

அது விலகல் நிலை (பழகிய மருந்து திடீரென்று நின்றால் உடல் காட்டும் எதிர்ப்பு). எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஜின் என்ற பெயர்தான் தெரியும். தாயையும் பிள்ளையையும் பிடித்துவிட்டது என்று லெப்பையைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஓதி எடுத்தார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிய குளிசையை ராத்தா அந்தத் தண்ணீரோடு தந்தாள். கொஞ்ச நேரத்தில் நான் அடங்கினேன். என்னிடம் பால் குடித்தபின் றிஸ்னாவும் அடங்கினாள். தண்ணீர் வேலை செய்துவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. ஆனாலும் அது திரும்பி வந்துவிடக் கூடாதென்று அன்றிலிருந்து குளிசையையும் கூட்டினார்கள்.

பிறகு ஒரு காலையில் றிஸ்னா மார்பில் வாய் வைக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. ராத்தா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளைகள் வார்டில் இருந்தவர் காரைதீவுப் பக்கத்து டொக்டரம்மா. அங்கே நடந்ததை ராத்தா பிறகு சொன்னாள்.

"தாய் எங்க?"

"இத்தாவில, டொக்டர். வெளிய வர ஏலா."

"வருத்தத்துக்கு வரலாமா எண்டு உங்கட மௌலவியிட்ட கேளுங்கோ. தாயைப் பாக்காம இந்தப் பிள்ளைக்கு என்ன எண்டு எனக்கு விளங்காது."

மௌலவி தலையில் கை வைத்துவிட்டாராம். "உசிருக்குப் பயமெண்டா போகத்தானே வேணும்! இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் என்னட்ட கேக்கல்ல?" மார்க்கம் பூட்டாத கதவை நாங்களே பூட்டிவிட்டு உள்ளே இருந்திருக்கிறோம்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டொக்டரம்மா என் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். "என்ன குளிசை குடிக்கிறீங்க?"

"சும்மா நித்திரைக்கித்தான்" என்றாள் ராத்தா.

"அந்த நித்திரை பாலோட பிள்ளைக்கும் போகுதம்மா."

யா அல்லாஹ்! ராத்தா வார்டுத் தரையிலேயே குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழத் தெரியவில்லை. பிள்ளையைப் பார்த்தேன், ராத்தாவைப் பார்த்தேன், யாருக்கோ நடக்கிற காரியம் போல் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

குளிசையை உடனே எறியக் கூடாது, வலிப்பு வரலாம் என்றார் டொக்டரம்மா. அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். றிஸ்னாவுக்குப் பால்மா கொடுத்தார்கள். எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாகியது. எங்கோ கரண்டி விழுந்தால் எனக்குப் பல்லுக்குள் வலித்தது. அழாமல் விட்ட அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. கணவர் அன்றைக்குத்தான் மௌத்தானதுபோல் அழுதேன்.

றிஸ்னா அதற்கு முன்பே விழித்துவிட்டாள். வார்டே அதிர ஒரு கத்துக் கத்தினாள். பக்கத்துக் கட்டில் பெண் "புள்ளைய ஆத்துங்ககா" என்றாள். "கொஞ்சம் அழட்டும், விடுங்க" என்றேன். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ராத்தா சும்மா இருக்கவில்லை. சஹனைத் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மிஞ்சிய குளிசைகளை எல்லாம் அதில் வாங்கி ஆஸ்பத்திரியில் கொடுத்தாள். தட்டு நிறைந்திருந்தது. "மிஞ்சினதே இவ்வளவெண்டா, நாங்க ஆராருக்கு எவ்வளவு குடுத்தமோ" என்று டொக்டரம்மாவிடம் சொன்னாள். அதன்பிறகு கிளினிக்கில் பால் கொடுக்கும் தாய் யார் வந்தாலும், வீட்டில் என்ன குளிசை இருக்கிறது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

இதை வாசிக்கும் நீங்களும் துண்டை மட்டும் அனுப்பாதீர்கள், ஆள் போக வேண்டும். உங்களுக்குத் தந்ததை அன்புக்காகப் பங்கு வைக்காதீர்கள். பழகிப்போனதை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.

றிஸ்னா இப்போது ஓடித் திரிகிறாள், வாய் ஓயாது. அவளில் ஒரு குறையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். எனக்குத்தான் என் உடம்பில் முழு நம்பிக்கை வரவில்லை. குளிசை நினைவை அழிக்க, எனக்குத் தெரியாமல் மாதக் கணக்கில் நடமாடிய உடம்பு இது.

போன கிழமை ராத்தா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "இவ முதல் முதல் முகம் பாத்துச் சிரிச்சது உன்ட மடியிலதான். இத்தா துவக்கத்தில. நீயும் சிரிச்சாய் புள்ள, கண்ணால தண்ணி வர வரச் சிரிச்சாய்."

எவ்வளவு தேடியும் அது என்னிடம் இல்லை. என் பிள்ளையின் முதல் சிரிப்பைப் பார்த்தவள் நான் இல்லை. என் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்து யாரோ பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.