பாரமுள்ள வாள்

பயம் தேனுகாவுக்குப் புதுச் சாமான் இல்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டை ஒட்டிய வயற்காணியொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, பொழுதுபட முதலே ஆட்டைக் கட்டிக் கதவைச் சாத்திவிடுவாள். யானை வருகிற ஊர் அது. ஆனால் இருபத்துநாலு வயதில், ஐந்து மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கட்டின புருஷனுக்கே பயப்பட வேண்டிவரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

யதுர்ஷன் கோழி அறுக்கவே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவன். கிளிநொச்சியில் ஒரு சின்னக் கொம்பனியில் அவனுக்கு வேலை. வெளிநாட்டில் யாரோ செய்கிற வாள்சண்டை கேம் ஒன்றை விளையாடிப் பார்த்துப் பிழை பிடித்துக் கொடுக்க வேண்டும். தேனுகாவுக்குப் பிள்ளை தங்கியதும் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்கள். கண்ணை முழுக்க மறைக்கிற கறுப்பு ஹெட்செட்டை மாட்டி, காதையும் அடைத்து, இரண்டு கையிலும் இரண்டு பிடிகளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நின்று வெறுங்காற்றை வெட்டுவான்.

"இது மற்றக் கேம் மாதிரி இல்லை தேனு. பட்டனை அமத்தி வெட்டேலாது. வாளுக்குப் பாரம் இருக்கு. நான் எவ்வளவு விசையா வீசுறனோ அவ்வளவுக்குத்தான் வெட்டும் விழும். நீயும் ஒருக்காப் போட்டுப் பாரன்."

போட்டுப் பார்த்தாள். இடிந்த கோட்டை வாசலில் பனையளவு ராட்சதன் ஒருவன் தண்டாயுதத்தோடு வந்தான். நெஞ்சு அடித்த அடியில் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். முழங்காலில் பட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது அவன் சரிந்துகொண்டிருந்தான். ஒரு கை உடம்புக்குக் கீழே மடங்க, தோள் மண்ணில் இடிக்க, தலை எல்லாவற்றுக்கும் பிறகு வந்து நிலத்தில் பட்டது.

அவளுடைய எட்டு வயதில், கடைசி யுத்தத்தின்போது, முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஆட்கள் இப்படித்தான் விழுந்தார்கள். படங்களில் விழுகிற மாதிரி இல்லை. இப்படித்தான்.

ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "தலை சுத்துது" என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று யதுர்ஷன் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக் குடித்தாள்.

மாசியில் அறுவடை முடிந்தது. லொறி வரத் தாமதமானதால் நெல் மூட்டைகளை முன்னறையில் அடுக்கியிருந்தார்கள். புது நெல்லின் வாசம் வீடு முழுக்க. அந்த வாசம் காட்டுக்கும் போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

பொழுது பட்டு மைமலாகிற நேரம். தேனுகா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். அயலட்டை நாய்களெல்லாம் சேர்ந்து குரைத்தன. பிறகு ஒரேயடியாக அடங்கிவிட்டன. அந்த அமைதிதான் அவளை நிமிர வைத்தது. யன்னலுக்கு வெளியே இருந்த வெளிச்சத்தைக் காணவில்லை. மங்கலாய் ஒரு சுவர் அங்கே நின்றது. அந்தச் சுவர் மூச்சு விட்டது.

மாக்கையோடு சுவரோரமாக நடந்து அறைக்குள் வந்தாள். யதுர்ஷன் நடுவில் நின்று சுழன்றுகொண்டிருந்தான். அறைக்கும் நெல் மூட்டைகளுக்கும் நடுவில் ஒரேயொரு கல்லுச்சுவர். அதற்கு அப்பால் சீமெந்து உதிர்கிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. கத்தினால் யானைக்குக் கேட்கும், அவனுக்குக் கேட்காது. கிட்டப் போனால் அந்தக் கைகள்.

ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்தாள். அப்படியே ஊர்ந்து போய் அவனுடைய கணுக்காலைப் பிடித்தாள்.

அவன் காலை உதறவில்லை. குனிந்து, இரண்டு கையையும் ஒன்றாய்ச் சேர்த்து ஓங்கினான். அந்தக் கணத்தில் அவள் அவனுடைய முகத்தின் கீழ்ப்பாதியைக் கண்டாள். பல்லைக் கடித்திருந்தான். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டிருந்தது. அந்த வாயை அவள் அதற்கு முன் கண்டதேயில்லை.

அடி இடது புருவத்தில் விழுந்தது. அவள் சத்தம் போடவில்லை. காலையும் விடவில்லை.

கையில் பட்டது காற்றில்லை, எலும்பு என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஹெட்செட்டை இழுத்து எறிந்தான். இரத்தத்தைக் கண்டு வாய் திறந்தவனின் வாயை மாப்படிந்த கையால் பொத்தி, தேனுகா சுவரைக் காட்டினாள். அதே கணம் முன்னறைச் சுவர் பொறிந்து விழுந்தது.

இரண்டு பேரும் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தார்கள். மூட்டை கிழிகிற சத்தம், நெல் கொட்டுகிற சத்தம், அவசரமேயில்லாமல் அரைக்கிற சத்தம். யதுர்ஷன் சேட்டைக் கழற்றி அவளுடைய புருவத்தில் அமத்திப் பிடித்திருந்தான். தூரத்தில் யாரோ யானை வெடி கொளுத்தினார்கள். யானை தன்பாட்டில் திரும்பி, வேலியையும் இழுத்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் கதை வேறு மாதிரி ஓடியது. யானை அடித்த ஆள் புருவத்தில் மட்டும் காயத்தோடு வருமோ என்றார்கள். வீடு பார்க்க வந்த மிட்வைஃப் மீனம்மா, யதுர்ஷனைத் தண்ணி எடுத்துவர அனுப்பிவிட்டுக் கிட்ட வந்து இருந்தா.

"பிள்ளை, என்னட்டச் சொல்லும். அவர் அடிச்சவரோ?"

"அடிச்சவர்தான் மிஸ்" என்றாள் தேனுகா. "ஆனா எனக்கில்லை."

பிறகு நடந்ததெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். மீனம்மா குறுக்கிடாமல் கேட்டா.

"இப்ப எதுக்குப் பயப்பிடுறீர்? யானைக்கோ?"

"இல்லை மிஸ். அந்த வாய்க்கு. அவர் நல்ல மனுசன். அந்த நேரம் ஆரையோ கொல்லத்தான் நினைச்சவர். அது நான் எண்டு தெரியாது, அவ்வளவுதான்."

"இதை அவரிட்டச் சொன்னீரோ?"

தேனுகா இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப முதல் அவரிட்டச் சொல்லும்."

அன்று பின்னேரமே சொன்னாள், கடற்கரை மணலையும் சேர்த்து. யதுர்ஷன் இடிந்த சுவரைப் பார்த்தபடி இருந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் சின்னதாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. அடுத்த கிழமை ஹெட்செட்டைப் பெட்டியில் கட்டிக் கொம்பனிக்குக் கொண்டுபோனான். வேலையை விடவில்லை. விடிய பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய் அங்கேயே விளையாடிவிட்டு, பொழுதுபட முதல் வீட்டுக்கு வந்துவிடுவான். சுவரைத் திரும்பக் கட்டினார்கள். ஆனியில் பெண்பிள்ளை பிறந்தது.

ஒருநாள் பிள்ளையின் முகத்தில் இருந்த நுளம்பை விரட்ட யதுர்ஷன் சடாரென்று கையைத் தூக்கினான். தேனுகா பிள்ளையை அள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நினைத்துச் செய்யவில்லை, உடம்பு செய்தது. அவன் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றான். பிறகு மெதுமெதுவாகக் கீழே இறக்கினான்.

அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டில் எதற்காகக் கையைத் தூக்கினாலும் மெதுவாகத்தான் தூக்குகிறான்.