தூங்கும் பிள்ளையின் கழுத்து

அன்று விடிந்ததும் செல்போனில் வந்த முதல் செய்தி ஆட்சியரின் அறிவிப்பு. கனமழை காரணமாகக் கடலூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்லூரிகளுக்கு விடுமுறை இல்லையென்றால் சிதம்பரத்தில் எனக்குப் பரீட்சை உண்டு. பள்ளிக்கு விடுமுறை என்றால் எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் வீட்டில் இருப்பாள். இரண்டும் ஒரே நாளில்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. ஓவிய ஆசிரியை என்றால் கணக்கு டீச்சருக்குப் பீரியடைக் கடன் கொடுப்பவள் என்று பொருள். “இன்னைக்கு மட்டும் மிஸ்” என்று கேட்பார்கள், நானும் சரி என்பேன். மேல் வகுப்புகளுக்கு ஓவியத்தைப் பாடமாகவே கொண்டுவரப்போவதாகவும், அதற்கு முதுகலைப் பட்டம் இருந்தாக வேண்டும் என்றும் ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். நான் படித்து முடித்து வந்தால் அந்த இடம் எனக்கு. மகளுக்கு அப்போதுதான் பேச்சு தெளிவாக வந்திருந்தது. வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்தது சரியா தவறா என்று கேட்டுக்கொள்ளாமல் ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை.

இது தள்ளிப்போய்த் தள்ளிப்போய் மழைக்காலத்துக்கு வந்துவிட்ட, கடைசிப் பருவத்தின் கடைசிச் செய்முறைத் தேர்வு. ஓர் ஆளை எதிரே உட்காரவைத்து எண்ணெய் வண்ணத்தில் அன்றைக்கே தீட்டி முடிக்க வேண்டும். இதில் தேறாமல் போனால் மறுதேர்வு அடுத்த வருடம் இதே மாதம்தான். வரும் ஜூனுக்கு மேல் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று தலைமையாசிரியை போனில் சொல்லியிருந்தார். வருத்தத்தோடுதான் சொன்னார். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

என் கணவர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மழை பெய்தால் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை.

“நான் பாப்பாவ பாத்துக்கிறேன், நீ கெளம்பு” என்றார்.

“போன வாரம்தான் ஜுரம் வுட்டுச்சு. என்னைக் காணோம்னு அழுதுச்சுன்னா?”

“அழுதா அழுவட்டும். மத்த நாள்ல சிரிச்சிக்கினா இருக்கு?”

நான் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மகளுக்கு ஸ்வெட்டரை மாட்டினார்.

“வா, மூணு பேருமே போலாம். நீ வரைஞ்சிட்டு வர்ற வரைக்கும் நாங்க வராந்தாவுல குந்தியிருக்கோம். அப்பயாவது உன் கை ஆடாம இருக்குதான்னு பாப்போம்.”

பஸ் ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் இறக்கிவிடப்பட்டு உள்ளே இருட்டாக இருந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் என் மேல் நனைந்த ஜவுளிப்பையின் வாடை அடிக்கிறது என்றாள் மகள். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது எல்லோரும் ஷட்டரைத் தூக்கித் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் மகளின் தலையில் துண்டைப் போட்டு மூடினேன்.

கல்லூரியில் வேறு பிரச்சினை காத்திருந்தது. எங்களுக்கு மாடலாக உட்காரும் பெரியவர் குமராட்சிப் பக்கத்து ஆள். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியதால் மினிபஸ் ஓடவில்லை, வர முடியாது என்று போன் செய்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சாயங்காலம் ரயில் ஏற வேண்டும். தேர்வைத் தள்ளிவைக்க வழியில்லை. மேற்பார்வைக்கு இருந்த எங்கள் சார் வராந்தாவுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். அங்கே முழங்கால்வரை பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மகளுக்குப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

“இவரு யாரு?”

“என் வீட்டுக்காரர் சார்.”

“சார், கொஞ்சம் உள்ள வந்து உக்கார முடியுமா? சும்மா உக்காந்தா போதும்.”

“சும்மா குந்தறதுதானே சார் என் தொழிலே” என்றார் இவர்.

மேடையில் நாற்காலி போட்டு இவரை உட்காரவைத்தார்கள். நாற்காலியின் கால்களையும் இவருடைய பாதங்களையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார் சார். இடைவேளைக்கு எழுந்துபோய்த் திரும்பி வந்தால் அதே கோட்டுக்குள் காலை வைக்க வேண்டும். அப்போதுதான் எல்லோருடைய படமும் குலையாமல் இருக்கும். ஒருவர் உட்கார்ந்தபின் அவரை யாரும் தொடக்கூடாது. எங்கள் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி அது.

முதலாண்டு மாணவி ஒருத்தியிடம் மகளை விட்டிருந்தோம். கரிக்கோடு போட ஆரம்பிக்கும்போதே வராந்தாவில் அழுகை கேட்டது. என் கோடு அந்த அழுகையோடு ஏறி இறங்கியது. சார் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். மகள் என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். நேரே மேடையில் ஏறி அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸில் தூங்காத தூக்கமெல்லாம் சேர்ந்துவந்து அவளை அப்படியே சாய்த்துவிட்டது.

“சார், போஸ் மாறிடுச்சு” என்றான் எனக்குப் பக்கத்தில் நின்ற பையன். என்னைவிட ரொம்பச் சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

சார் யோசித்தார். தேர்வாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். “இப்பதான ஆரம்பிச்சிருக்கீங்க. கொழந்தயையும் சேத்தே போடுங்க. எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அதன்பின் மதியம்வரை தூரிகைகளின் சத்தமும் மழைச் சத்தமும்தான். கணவரின் சட்டையை நான் சீக்கிரமே படத்தில் கொண்டுவந்துவிட்டேன். மகளிடம் வந்தபோது வேலை நின்றது. அவள் தலை அப்பாவின் கைக்கு வெளியே சரிந்து தொங்குவதாக எனக்குப் பட்டது. கழுத்து ஒடிந்ததுபோல இருந்தது. தீட்டத் தீட்ட இன்னும் ஒடிந்தது. ஜுரம் விட்ட உடம்பு, மூச்சு சரியாக வருகிறதா, எழுந்ததும் சுளுக்கிக்கொண்டு அழுவாளா? இதை இவர் கவனிக்கவே மாட்டாரா? கண்ணால் ஜாடை காட்டினேன். மாடல் அசையக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் கண்ணைக்கூட அசைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரிகையை வைத்துவிட்டு மேடையில் ஏறினேன். மகளின் தலையைத் தூக்கி அப்பாவின் மார்பில் நேராகச் சாய்த்தேன்.

திரும்பினால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா” என்றான் பக்கத்துப் பையன். “மூஞ்சி முடிச்சிட்டேன்க்கா நானு. இப்ப மூஞ்சி அங்க இல்லியே.”

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். “பரவால்ல வுடு. அக்காவுக்குக் கொழந்த, நமக்கு அரியர்.”

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. தலைமுறை தலைமுறையாக யாரும் செய்யாத தப்பைச் செய்துவிட்டதுபோல மன்னிப்புக் கேட்டேன். சார் திட்டவில்லை. “பழையபடி வச்சிருங்கம்மா” என்றார்.

தலை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. கழுத்து மோசமாக இருந்தது என்பது மட்டும்தான் நினைவிருந்தது.

“மத்தவுங்க படத்தப் பாருங்க. அதுல இருக்குமில்ல, அதே மாதிரி வைங்க” என்றார் சார். அடுத்தவர் தாளைப் பார்க்கச் சொல்லி மேற்பார்வையாளரே அனுப்பும் பரீட்சையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஒவ்வொரு கேன்வாஸாகப் போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பையனுடையதில் மகள் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அரியர் பற்றிச் சொன்ன பெண்ணின் படத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். எந்தப் படத்திலும் கழுத்து ஒடியவில்லை. எல்லாப் படத்திலும் அவளுடைய பின்னந்தலைக்குக் கீழே, கலைந்த முடிக்குள், ஒரு கை இருந்தது. விரல்களை விரித்துத் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த கை. என் இடத்திலிருந்து பார்த்தாலும் அந்த விரல்கள் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நான் கறுப்பாக ஒரு நிழலைப் போட்டு வைத்திருந்தேன்.

மேடைக்குப் போனேன். தூங்குகிற பிள்ளையின் தலையைச் சாய்க்க எனக்கு மனம் வரவில்லை. மார்பிலேயே இருக்கட்டும் என்று இருந்தது. இத்தனை பேருடைய தேர்வு என்று சொல்லிக்கொண்டு மெதுவாகச் சரித்தேன். அதற்குள் அவருடைய கை பழைய இடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

“நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன் புள்ள” என்றார், உதடு அசையாமல். “போய் வரை.”

மகள் ஏதோ முனகிவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டாள். “கரெக்ட்டுக்கா, இன்னும் கொஞ்சூண்டு கீழ” என்றான் பையன்.

என் இடத்துக்கு வந்து நின்றபோது நேரம் பாதிக்கு மேல் போயிருந்தது. கழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்னணியை முடித்தால் படம் முழுசாக இருக்கும். தேர்வாளர் முழுசான படத்துக்குத்தான் மதிப்பெண் போடுவார். சுரண்டினால் முடிக்க முடியுமா என்று தெரியாது. வண்ணம் சுரண்டும் கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பிறகு முகம், கழுத்து, அந்த நிழல், எல்லாவற்றையும் கேன்வாஸ் தெரியும்வரை சுரண்டி எடுத்தேன்.

விரல்களைத்தான் முதலில் போட்டேன். இவருடைய விரல்களை அதற்குமுன் இவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது. ஆள்காட்டி விரல் நுனியில் ஜெராக்ஸ் டோனரின் கறுப்புக் கறை, நகத்துக்குள்ளும் ஏறியிருந்தது. விரல்கள் வந்ததும் தலை தானாக வந்து அதில் உட்கார்ந்தது. அதற்குப்பின் கழுத்துக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

சாயங்காலம் தேர்வாளர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னுடையதில் சுவரும் ஜன்னலும் வெறும் கோடாகவே நின்றுவிட்டன.

“பின்னணி ஏன் முடிக்கல?”

“கழுத்து தப்பா வந்துடுச்சு சார். சுரண்டிட்டுத் திரும்பப் போட்டேன். நேரம் பத்தல.”

“எத்தனாவது தரம் போட்டது இது?”

“ரெண்டாவது சார்.”

“ம்” என்று எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்த ‘ம்’ நல்ல ‘ம்’ தானா என்று பக்கத்துப் பையனைக் கேட்டேன். “எனக்கு அதுகூட சொல்லலக்கா” என்றான்.

முடிவு வந்தபோது தேறியிருந்தேன். வகுப்பில் எல்லோருக்கும் கீழே இருந்த மதிப்பெண்தான், ஆனாலும் தேர்ச்சி. ஜூனில் பள்ளிக்குத் திரும்பினேன். மேல் வகுப்பு ஓவியம் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல இன்னும் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இது எதுவும் தெரியாது. பின்னணியை முடித்திருக்கலாம், கழுத்தை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் நன்றாக விழித்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“கழுத்து வலிக்குதாடி?”

“இல்ல.”

“திருப்பிப் பாரு. இந்தப் பக்கம். இப்ப?”

“இல்லம்மா.”

“அத வுடு” என்றார் இவர். “எனக்குத் தோள்பட்டைலேர்ந்து கையே இல்ல. காலைலேர்ந்து ஒருத்தரும் கேக்கல.”

“எந்தக் கை?”

நீட்டினார். வாங்கி என் மடியில் வைத்து, மணிக்கட்டிலிருந்து மேலே பிடித்துவிட்டேன். என் விரலிலிருந்த பச்சை வண்ணம் அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் வண்ணம், துவைத்தாலும் போகாது என்று சொன்னேன். பரவாயில்லை, பழைய சட்டைதான் என்றார். அது பழைய சட்டை இல்லை.