விளம்பரத்தில் வந்த கை

கடைப் பலகையில் 'போன் டாக்டர்' என்று எழுதி வைத்திருக்கும் அந்த மனிதருக்கு உண்மையில் இரண்டு தொழில். பகலில் செல்போன் ரிப்பேர். காலையிலும் மாலையிலும் சமையல், பாத்திரம், துணி. இந்த இரண்டாவது தொழில் வெளியே தெரியக் கூடாது, அதுவும் தன் அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் மனைவியின் கை. டிவியில் எந்த அம்மா மாவு பிசைந்தாலும், எந்த மருமகள் சட்டை துவைத்தாலும், முகம் நடிகையுடையது, கை இவளுடையது. விளம்பர ஆபீசில் அவளைக் 'கை மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கையில் ஒரு கீறல் விழுந்தால் பிழைப்பு போய்விடும். ஆகவே, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வீட்டு வேலையின் அழகை எடுத்துக்காட்டிய கை, சொந்த வீட்டில் ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவியதில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கு விளம்பரம். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கேமரா முன்னால் நிஜமாகவே தேய்த்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும். கை மேடம் நாரைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த போன் டாக்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாரைப் பிடுங்கி அவரே தேய்த்துக் காட்டினார். செல்போனுக்குள் நோண்டிப் பழகிய மெல்லிய விரல்கள் அவருக்கு. கொஞ்ச நேரத்தில் அந்தக் கைகளில் முடி மழித்து, வளையல் ஏற்றி, நகத்துக்குச் சாயமும் பூசிவிட்டார்கள். ஆண் தேய்ப்பதாகவே காட்டிவிடலாமே என்று கை மேடம் கேட்டாள். அப்புறம் சோப்பை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்காரர் சிரித்தார்.

விளம்பரம் ஓட ஆரம்பித்த சமயம் பார்த்து அம்மா மகன் வீட்டில் தங்க வந்தார். அன்றிலிருந்து போன் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார். மனைவி உள்ளே நின்று கரண்டியைத் தட்டிச் சத்தம் மட்டும் கொடுத்தாள். நீ ஏன்டா சமையலறையிலேயே கிடக்கிறாய் என்று அம்மா கேட்டால், அடுப்பு ரிப்பேர் என்று பதில். அந்த அடுப்புக்கு அப்படி என்ன தீராத வியாதி என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் டிவியில் அந்த விளம்பரம் வந்தது. வளையல் குலுங்கியது, நுரை பறந்தது, பாத்திரம் மின்னியது.

"பொம்பளைக் கைன்னா இது. நீயும் வச்சிருக்கியே, நகம் வளக்க" என்று மருமகளைப் பார்த்துச் சொன்ன அம்மா, எழுந்து போய்ப் பால் தீய்ந்த பாத்திரத்தையும் கம்பி நாரையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். இப்போதே தன் கண் முன்னால் தேய்க்க வேண்டுமாம்.

மறுநாள் காலை அவளுக்கு ஷூட்டிங். அவள் கணவனைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போகிறாயா, இல்லை என் பிழைப்பில் மண்ணைப் போடப் போகிறாயா என்று கேட்டது அந்தப் பார்வை. பெண்டாட்டிதாசன் என்று அம்மா சொல்லிவிடுவாரே என்று போன் டாக்டருக்குப் பயம். கேவலமான பயம்தான். ஆனாலும் அவருக்கு அது பெரிய பயம்.

"அது என் கைம்மா" என்றார். "நம்ம வீட்டுலயும் நான்தான் தேய்க்கிறேன். சமையலும் நான்தான்."

அம்மா டிவியைப் பார்த்தார். மகனின் கையைப் பார்த்தார். வசை யார் தலையில் விழுமோ என்று புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மகனைக் கேட்டார்.

"உங்கப்பாவுக்கும் உனக்கும் சேத்து எத்தனை வருஷம் நான் தேச்சேன். அப்பல்லாம் இந்தக் கை எங்கடா இருந்துச்சு?"

தன் எச்சில் தட்டை மகன் பக்கம் தள்ளிவிட்டு, அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.