மகன் வீட்டுக்குப் போனவர்கள்

டயாலிசிஸ் சென்டரில் வேலை என்றால் ஊசியும் ரத்தமும்தான் என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி நேரம் அது அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்குகிற வேலை. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து உடம்புக்குத் திருப்பி அனுப்புகிறோம். கையை அசைக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது. வாய்க்கு மட்டும் தடை கிடையாது.

ஜார்ஜ் டவுனில் நர்ஸாக, இங்கத்தைய பேச்சில் மிஸியாக, இந்த வேலையை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கொட்டாவி விட்டபடி காத்திருக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். நான் சொல்வதில் பாதியை நீங்களே பட்டிருப்பீர்கள்.

சோகப் பாட்டு

திங்கள், புதன், வெள்ளி காலையில் மூன்று, நான்கு, ஐந்தாம் நாற்காலிகள் ஒரு கோஷ்டி. மூன்றில் சிவபாதம் ஐயா. டத்தோ கிராமாட்டில் மகள் வீட்டில் இருந்தார், ஓய்வுபெற்ற அரசாங்க கிளார்க், ஊசி குத்திக்கொள்ளக்கூட இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார். நான்கில் நாச்சியப்பன் அண்ணன், ஒரு காலத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். ஐந்தில் சரோஜா அக்கா. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தவர், சுங்கை பினாங் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். மூவரும் இங்கே வந்துதான் பழக்கம். ஆனால் பேச ஆரம்பித்தால் ஒரே தியேட்டரில் ஒரே பெஞ்சில் வளர்ந்தவர்கள் என்று நினைப்பீர்கள். பேச்செல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

ஒரு நாள் பழைய படங்களில் வரும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி நடந்தது. கதாநாயகி இருமினால் காசநோய், தலையைப் பிடித்தால் மூளையில் கட்டி, காரணமே இல்லாமல் மயங்கினால் கர்ப்பம் என்று சிவபாதம் ஐயா வகை பிரித்துச் சொன்னார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ரத்தம் ஏற்றும் காட்சியில் ஒருத்தனும் ரத்தப் பிரிவைப் பார்ப்பதில்லை என்று நாச்சியப்பன் அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். சிறுநீரகம் கெட்டுப்போன கதாநாயகி ஒருத்தியையாவது யாராவது பார்த்திருக்கிறார்களா என்று நான் கேட்டேன். மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"ஒண்ணும் இல்ல லா மிஸி. ஏழு வருஷமா சீக்காளியா இருக்கேன், எனக்குன்னு ஒரு சோகப் பாட்டுகூட எவனும் எழுதல" என்றார் சரோஜா அக்கா.

பல் செட்

வந்தவுடன் எல்லோரையும் எடை பார்ப்போம். போன தடவையைவிட எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அது அத்தனையும் குடித்த தண்ணீர். அதிகம் ஏறியிருந்தால் திட்டு விழும். ஆகையால் எடை மெஷினை ஏமாற்ற இவர்கள் செய்யாத தந்திரம் இல்லை. வாட்சைக் கழற்றுவார்கள், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து வைப்பார்கள், பக்கத்துக் கம்பியில் ஒரு விரலை மட்டும் தெரியாத மாதிரி ஊன்றிக்கொள்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை சரோஜா அக்கா வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறினார். அப்படியும் மூன்றரைக் கிலோ கூடுதல். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நுரையீரலில் தண்ணீர் கோத்தால் மூச்சுவிட முடியாமல் போய்ச் சேருவீர்கள் என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தினேன். அக்கா பல் செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, நிதானமாக நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

"திட்டுறதுக்கு நீயாவது இருக்கியே, திட்டு மிஸி" என்றார்.

கடைசி பஸ்

சிவபாதம் ஐயாவும் நாச்சியப்பன் அண்ணனும் ஒரு படத்தின் முடிவுக்காக ஒன்பது மாதம் சண்டை போட்டார்கள். கதாநாயகன் கடைசியில் கப்பலோடு மூழ்கிவிடுகிறான் என்றார் ஐயா. அதெல்லாம் இல்லை, கரையேறித் தாயைக் கண்டுபிடிக்கிறான் என்றார் அண்ணன். ஒரு தடவை இந்தச் சண்டையில் இருவருக்கும் ரத்த அழுத்தம் ஏறி, இரண்டு இயந்திரங்களும் ஒரே சமயத்தில் அலறின. நான் எதை முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் நின்றேன்.

கடைசியில் விஷயம் வெளிவந்தது. இளவயதில் அண்ணனுக்கு வீடு கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில். படம் பார்க்க ஃபெர்ரி ஏறி எங்கள் தீவுக்கு வருவார். திரும்பும்போது அக்கரையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் எந்தப் படத்துக்கும் முடிவு வரை அவர் உட்கார்ந்ததே இல்லை. ஃபெர்ரியில் நின்றுகொண்டு முடிவை அவரே போட்டுக்கொள்வார். ஐம்பது வருடமாக அதையே உண்மை என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். சரோஜா அக்காவுக்கோ சிரிப்பில் கை அசைந்து ஊசி விலகப் பார்த்தது.

நாச்சியப்பன் அண்ணனுக்கு மட்டும் கொஞ்சமும் வெட்கமில்லை. "என் படத்துல ஒருத்தனையும் நான் சாகவிட்டதில்ல ஐயா" என்றார்.

விதி

இனி எங்கள் தொழிலின் கறுப்புப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சென்டரில் யாராவது இறந்துபோனால் மற்ற நோயாளிகளிடம் சொல்லக் கூடாது. தலைமை நர்ஸ், எங்களுக்கு அவர் சிஸ்டர், போட்ட விதி அது. முன்பு ஒரு தடவை எட்டாம் நாற்காலிச் சீனப் பெரியவர் இறந்த செய்தியைச் சொல்லப்போய், அதே வாரம் நாலு பேர் பயந்துபோய்ச் சிகிச்சைக்கு வராமல் இருந்துவிட்டார்கள். அதிலிருந்து, காலியான நாற்காலியைப் பற்றிக் கேட்டால் "மகன் வீட்டுக்குப் போயிட்டாரு, அங்கேயே ஒரு சென்டர்ல செய்றாரு" என்போம். நானும் முகத்தை மாற்றாமல் சொல்லப் பழகிக்கொண்டேன். முதல் வருடம் நாக்குக் கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

ஒரு நாள் ஊசியை எடுத்துவிட்டு அக்காவின் கையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக, "நம்ம ஐயாவோ நாச்சி அண்ணனோ போனா, எனக்கு மட்டும் நெசத்தைச் சொல்லிடு. நான் போய்க் கடைசியா முகத்தைப் பாக்கணும்" என்றார். சரி என்றேன். அவர் என்னை நம்பவில்லை போலிருக்கிறது, கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தராவது மக வீட்டுக்குப் போயிருக்காங்களா மிஸி? எல்லாரும் மகன் வீட்டுக்கே போறாங்க" என்றார்.

திங்கட்கிழமை

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. எங்கள் நோயாளிகளுக்கு அதுதான் கண்டம். சிவபாதம் ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிவிட்டுப் பேப்பர் படிக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மகள் திங்கட்கிழமை ஆறு மணிக்குப் போன் செய்து, அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எடுக்கிறோம் என்றார். அக்காவுக்குப் பதினொரு மணிக்கெல்லாம் சிகிச்சை முடிந்துவிடும். சுங்கை பினாங்கிலிருந்து டத்தோ கிராமாட் கூப்பிடு தூரம்தான். தாராளமாகப் போயிருக்கலாம்.

நான் சொல்லவில்லை. அன்று அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது, சிஸ்டரும் பக்கத்திலேயே நின்றார். இரண்டும் சாக்குதான். வாக்குக் கொடுத்தவள் நான். "ஐயா எங்க?" என்று அவர் கேட்டபோது, பழகிய வாய் பழகியதைச் சொன்னது: "ஈப்போல மகன் வீட்டுக்குப் போயிருக்காரு, அக்கா." நான் வாக்குக் கொடுத்ததால் அவர் அதை நம்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

புதன்கிழமை நாச்சியப்பன் அண்ணன் வழக்கம்போலத் தமிழ்ப் பேப்பரை விரித்தார். சினிமாப் பக்கத்துக்குப் பின்னால் மரண அறிவிப்பில் ஐயா, டை கட்டிய படத்தோடு இருந்தார். இருவருக்கும் அப்போதுதான் ஊசி குத்தியிருந்தேன். எழுந்திருக்க முடியாது, வெளியே போக முடியாது, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அண்ணன் பேப்பரை எட்டி அக்காவிடம் கொடுத்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"திங்கக்கெழம மூணு மணிக்கு நான் வீட்டுல சும்மாதான் படுத்திருந்தேன் மிஸி" என்று மட்டும் சொன்னார்.

மோட்ச விளக்கு

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு நாச்சியப்பன் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. போன்தான் தண்ணீரில் விழுந்து செத்தது. அவர் மகள் சனிக்கிழமையே வந்து, இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று, சென்டருக்குச் சொல்லிவிட்டுக் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை நான் சொன்னது சத்தியமான உண்மை: அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், அங்கேயே ஒரு சென்டரில் செய்கிறார். அக்கா தலையாட்டினார். "சரி மிஸி" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அண்ணன் குரலைக் கேட்க வைத்தால்தான் நம்புவார் என்று தோன்றியது. மகளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், பதில் இல்லை.

புதன்கிழமை ஐந்தாம் நாற்காலி காலி. டயாலிசிஸை ஒரு தடவை தவறவிட்டாலே அக்காவின் உடம்பு தாங்காது. வேலை முடிந்ததும் ஃபிளாட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவருக்கு முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. நெற்றியில் விபூதி. நாச்சியப்பன் அண்ணனுக்காகக் கோயிலில் மோட்ச விளக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இந்த ஒருவரையாவது முறையாக அனுப்பி வைக்க வேண்டும் என்று காலையிலேயே போய்விட்டாராம். மேசைமேல் மூன்று நாள் பேப்பர், மூன்றும் மரண அறிவிப்புப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். அவர் எனக்காகப் பரிதாபப்பட்ட மாதிரி பார்த்தார். கையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பிற்பகல் ஷிப்டில் நாற்காலி பிடித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைதான் மகள் திருப்பிக் கூப்பிட்டாள். போனை அக்காவின் காதில் வைத்தேன். அண்ணன் குரல் எனக்கே கேட்டது. கோலாலம்பூர் சென்டரில் பேச ஆளில்லை, பக்கத்து நாற்காலிப் பையன் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் டிவி ரிப்பேரா என்று கேட்கிறான், இங்கே எல்லாம் சுசா, ஒரே கஷ்டம் என்று புலம்பினார். அக்கா அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். விளக்குப் போட்ட கதையையும் சொன்னார்.

"போட்டது போட்டதுதான் சரோஜா, வீணாப் போகாது. அந்தப் புண்ணியத்தை வரவேண்டிய அன்னைக்கு வாங்கிக்கிறேன்" என்றார் அண்ணன்.

ஒரு கேள்வி

அதற்குப் பிறகு நான் சிஸ்டரிடம் போய், இனி இந்தப் பொய் என் வாயிலிருந்து வராது, வேண்டுமானால் வேறு ஷிப்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மாற்றவில்லை, விதியையும் மாற்றவில்லை. மூன்றாம் நாற்காலிக்கும் நான்காம் நாற்காலிக்கும் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கண்ணை மூடி ஜபம் செய்கிறார், இன்னொருவர் நாலு மணி நேரமும் போனில் பந்தாட்டம் பார்க்கிறார். அக்காவிடம் பழைய படத்தைப் பற்றிக் கேட்பதற்கு நான் ஒருத்திதான். எனக்கோ அவ்வளவாகத் தெரியாது. தெரிந்த மாதிரி ஏதாவது கேட்டு வைப்பேன். இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன வாரம் ஊசி குத்தும்போது அவரிடம், இனி யாருக்கு எது நடந்தாலும் உங்களிடம் உண்மையைத்தான் சொல்வேன் என்றேன். ஐயா போன திங்கட்கிழமையே காப்பாற்றியிருக்க வேண்டிய வாக்கு. அவர் இயந்திரத்தில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"அது சரி மிஸி, நான் போனா இவங்ககிட்ட என்னான்னு சொல்லுவ? எனக்குத்தான் மகனும் இல்ல, மகளும் இல்லையே" என்றார்.