அப்பா ஒளித்து வைத்த பாட்டில்

என் கணவர் நெஞ்செரிச்சல் மருந்தைத் திறந்ததும் புதினா வாசனை வந்தது. கூடவே, ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் வயலில் இருந்த மோட்டார் கொட்டகையும் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் ஆறாவது படித்தபோது அப்பா சாப்பிட்ட கையோடு வயலுக்குக் கிளம்பிவிடுவார். திரும்பும்போது புளித்த ஏப்பமும், அதன்மேல் ஏதோ இனிப்பு வாசனையும் வரும். அவர் குடிக்கிறார் என்று அம்மா முடிவுகட்டினாள். அவருடைய சட்டையைத் தினமும் முகர்ந்து பார்த்தாள். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. அவர் என்னைக் கொஞ்சினால்கூட மூச்சை இழுத்துப் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். உர மூட்டைக்குப் பின்னால் நின்று அப்பா ஒரு பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பிடுங்கி முகர்ந்தாள். புதினா வாசனை அடித்தது; அது மருந்து.

“இதை எதுக்கு ஒளிச்சு வைக்கிறீங்க?”

“நெஞ்சு எரியுதுடி. அண்ணனுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது.”

பெரியப்பா மாரடைப்பில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் தஞ்சாவூர் டாக்டர் இதயத்தைச் சோதித்துவிட்டு, வயிற்று அமிலம்தான் மேலே ஏறுகிறது என்றார். புளியையும் காரத்தையும் குறைக்கவும், சாப்பிட்டவுடன் படுக்காமல் இருக்கவும், தலைமாட்டை உயர்த்திக்கொள்ளவும் சொன்னார். அம்மா நம்பவில்லை. “இன்னொரு தடவை பாத்துடுங்க டாக்டர்” என்றாள்.

வெளியே வந்ததும் அவள் குரல் உடைந்தது.

“குடிச்சிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். இப்படித் தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கீங்களே.”

என் கணவர் மருந்தை விழுங்கிவிட்டுப் பாட்டிலை மூடினார்.

“எத்தனை நாளா எரியுது?” என்று கேட்டேன்.

“இன்னைக்குத்தான்” என்றார்.

நான் நம்பவில்லை.