பின்னால் போகும்போது பாடும் வண்டி

எங்கள் வீடு இரும்புலியூரில் ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் எங்கள் கேட், அதற்கப்பால் ரயில்வே காம்பவுண்டுச் சுவர். சைக்கிளைத் திருப்பலாம். ஸ்கூட்டரைக் கொஞ்சம் மல்லுக்கட்டித் திருப்பலாம். வேனைத் திருப்ப இடமே கிடையாது. இதையெல்லாம் யோசிக்காமல்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். யோசித்து வாங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை. கேட்டால், "எல்லாத்துக்கும் நீ ஒருத்தி யோசிக்கிறியே, போதாதா?" என்பார்.

அவருக்கு வேலை கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டும் நேரெதிர்த் திசை. ஆனாலும் என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் மறுபடி தெற்கே போவார். ஆசையாக வாங்கிய வண்டி, பெண்டாட்டி ஏறாவிட்டால் எப்படி?

சாயங்காலம் வண்டி நேராக உள்ளே வந்துவிடும். காலையில்தான் சோதனை. சந்து முழுக்கப் பின்னாலேயே போய் ரோட்டைப் பிடிக்க வேண்டும். இடது பக்கம் கண்ணாடி இல்லாத வண்டி அது. பின் கண்ணாடியை சீட்டும் திரைச்சீலையும் பாதி மறைத்துவிடும். அவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, கழுத்தை முறுக்கி, பீங் பீங் என்று ஹாரன் அடித்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். ராத்திரி கழுத்துக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை. தேய்க்கும்போது முனகுவார். எனக்கென்னவோ அந்த முனகல் பிடித்திருந்தது. ஒழுங்காகத் திரும்பிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

நான் பயந்த சுபாவம், மறைத்துப் பயனில்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். வண்டி பின்னால் நகரத் தொடங்கினால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். "நான் பார்க்கிறது போதும், நீ வாயை மூடினா இன்னும் நல்லா பார்ப்பேன்" என்பார்.

கழுத்து வலி தாங்காமலோ என் வாய் தாங்காமலோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனார். நானும் போயிருந்தேன். ரிவர்ஸ் ஹாரன் அப்போதுதான் பரவலாக வர ஆரம்பித்திருந்தது. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து பொம்மைக்கடை மெட்டு ஒன்று தானாகக் கிளம்பும்.

"இத்த மாட்டிக்கினா பேஜாரே கெடையாது சார்," என்றான் கடைக்காரன். "பின்னால கீறவன் தானா ஒதுங்கிக்குவான். நீங்க ஜாலியா ஓட்டிக்கினு போலாம்."

"பின்னால இருக்கிறவனுக்குக் காது கேக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"காது கேக்காதவன் வண்டி பின்னாடி இன்னாக்கா பண்ணப் போறான்?" என்று அவன் சிரித்தான். என் கணவரும் சேர்ந்துகொண்டு சிரித்தார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மாட்டிய முதல் வாரமே அது ஓர் உபகாரம் செய்தது. குச்சி ஐஸ் விற்கிறவர் ஒருவர் எங்கள் வேனுக்குப் பின்னால் சைக்கிளைக் கிடத்திவிட்டு, குனிந்து செயின் மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டு கேட்டதும் சைக்கிளோடு சுவரோரம் ஒதுங்கினார். இல்லாவிட்டால் சைக்கிளாவது நசுங்கியிருக்கும். என் கணவர் இதைப் பத்து நாளுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "மனுஷன் மறப்பான், மெஷின் மறக்காது," என்பார். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது உண்மை.

ஆனால் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவள். என் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. அவர் தலையை வெளியே நீட்டுவதை நிறுத்திவிட்டார். ரிவர்ஸ் போடுவார், பாட்டு ஆரம்பிக்கும், அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வலது கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். வண்டி தன்பாட்டுக்குப் பின்னால் போகும். அந்த நேரத்தில் டேஷ்போர்டில் கேசட் தேடுவார், டேப் ரிக்கார்டரில் செருகுவார், சரியாகப் பாடாவிட்டால் எடுத்து விரலால் சுற்றுவார். பின்னால் ஒரு பாட்டு, முன்னால் ஒரு பாட்டு. நடுவில் நான் கைப்பையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தைலப் புட்டி அலமாரியில் அப்படியே இருந்தது.

தெருப் பிள்ளைகளுக்கு அந்த மெட்டு பிடித்துப்போய்விட்டது. பாட்டு கேட்டால் ஒதுங்குவார்கள் என்றான் கடைக்காரன். பெரியவர்கள் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வந்து வண்டிக்குப் பின்னால் இடுப்பை ஆட்டிக்கொண்டு பின்னோக்கியே நடப்பார்கள். அவர் கண்ணாடியில் பார்த்து ரசிப்பார். நான் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருப்பேன்.

சந்தின் நடு வீட்டில் ஓர் இளம் தாய் இருந்தாள். ஊரின் பழைய குடும்பம். புருஷனுக்கு மார்க்கெட்டில் கடை. அவளுடைய பெண் குழந்தை அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தது. சாப்பாடு என்றால் வாயைப் பூட்டிக்கொள்ளும். காக்கா காட்டினாள், ரயில் காட்டினாள், எதற்கும் மசியவில்லை. எங்கள் வண்டிப் பாட்டுக்கு மட்டும் அந்த வாய் திறந்தது. ஆவென்று பார்த்துக்கொண்டு நிற்கும், அவள் டக்கென்று ஊட்டிவிடுவாள். விஷயம் தெரிந்ததும் தினமும் காலையில் பருப்புச் சோற்றைப் பிசைந்து தட்டில் எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, இன்னொரு தபா ரிவர்ஸ் போடுங்கண்ணா. ரெண்டு வாய்தான் கீது," என்பாள்.

அவரும் கியரை எடுத்து மறுபடி போடுவார். ஒரு குழந்தையின் பசி தன் வண்டியால் தீர்கிறது என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை. தினம் ரெண்டு முறை, மூன்று முறை. நான் கடிகாரத்தைப் பார்ப்பது போல் நடிப்பேன். உண்மையில் நான் பார்ப்பது குழந்தையை. இடுப்பில்தான் இருக்கிறதா என்று.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "அந்தக் குழந்தை நம்ம வண்டியைத் தேடி வருதுங்க. ஒதுங்கிப் போகல."

"அவங்கம்மா தூக்கி வெச்சிருக்காளே."

"எப்பவும் தூக்கியே வெச்சிருப்பாளா?"

"சரி, நீயே சொல்லு. பாட்டு இருக்கிறது பத்திரமா, இல்லாதது பத்திரமா? வண்டி வருதுன்னு இப்ப தெருவுக்கே தெரியுது. முன்னாடி தெரிஞ்சுதா?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பயம் மட்டும் போகவில்லை.

மழைக்காலம் தொடங்குகிற சமயம் அது நடந்தது. காலையில் வழக்கம்போல் ரிவர்ஸ் போட்டார், பாட்டு கிளம்பியது, அவர் கேசட்டுக்குக் குனிந்தார். வண்டி நகர்ந்து நடு வீட்டை நெருங்கும்போது நான் கழுத்தை எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தத் தாய் கேட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டுக்குள் பார்த்து யாரிடமோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தட்டு. இடுப்பில் குழந்தை இல்லை.

"நிறுத்துங்க," என்றேன். நான் அப்படிக் கத்தி அவர் அதுவரை கேட்டதில்லை. பிரேக்கை மிதித்தார். இறங்கி ஓடினேன்.

குழந்தை வண்டிக்குப் பின்னால், கை நீட்டினால் பம்பரைத் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. பம்பர் உயரம்தான் அது. வாய் நிறையச் சோறு, தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் குழந்தையை வாரி எடுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பின்கதவைத் திறந்து, குனிந்து, ரிவர்ஸ் ஹாரனுக்குப் போகிற வயரைக் கையாலேயே பிடுங்கி எறிந்தார்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது. வண்டி வாங்கிய பிறகு அப்படி நான் தூங்கியதே இல்லை. அவர் மறுபடி தலையை வெளியே நீட்டினார். கேசட்டையெல்லாம் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார். கையால் ஹாரன் அடிப்பதுகூடக் குறைந்துவிட்டது, சத்தம் கேட்டால் பிள்ளைகள் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். பிள்ளைகள் நாலு நாள் வந்து பார்த்துவிட்டு, பாட்டு இல்லாத வண்டியில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். நடு வீட்டுக்காரிதான் பாவம், குழந்தை மறுபடி வாயைப் பூட்டிக்கொண்டது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். பட்டினி கிடந்தால் தானாகச் சாப்பிடும் என்றேன். எனக்கு அப்போது இருந்த நிம்மதியில் அப்படித்தான் பேச வந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை. அவர் வண்டியை வெளியே எடுத்துவிட்டார், நான் வீட்டைப் பூட்டிவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன். நீ பூட்டிட்டு நடந்து வா, முனையில் ஏத்திக்கிறேன் என்று சொல்லியிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. வண்டி என்னை விட்டு மெல்லப் பின்னால் போவதைப் பார்த்தேன். அவர் தலை வலது பக்கம் முழுக்க வெளியே இருந்தது. இவ்வளவு கவனமாக ஓட்டுகிறாரே என்று நினைத்தேன்.

தட்டு விழுகிற சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டு தரையில் சுழன்று சுழன்று அடங்குகிற சத்தம். வண்டி நின்றது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, இடது பக்கம் சாக்கடை மேல் போட்டிருந்த கல்லருகே அவள் விழுந்து கிடந்தாள். அங்கே உட்கார்ந்து, சந்துக்கு முதுகைக் காட்டி, மடியில் குழந்தையைப் போட்டு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வண்டியின் பின்மூலை தோளில் இடித்திருக்கிறது. குழந்தை மடியிலிருந்து கேட் பக்கம் உருண்டு அழுதுகொண்டிருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு மடங்கி, பார்க்கக்கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது.

சந்து முழுக்கக் கூடிவிட்டது. என் கணவர் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அம்மா, நான் பார்த்துக்கிட்டேதாம்மா வந்தேன், இந்தப் பக்கம் தெரியலம்மா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க மேல தப்பு இல்லண்ணா," என்றாள். "பாட்டு வரலியே. நீங்க இன்னும் கெளம்பலன்னு நெனச்சிக்கினேன். அதான் திரும்பிப் பாக்கல."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டோ கூப்பிட ஒரு பையன் ஓடினான், காலை நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. வேன் இருக்கிறதே என்றார்கள். அவளை மெதுவாகத் தூக்கி உள்ளே உட்கார வைத்தோம். குழந்தை என் தோளில் இருந்தது. பாதிச் சந்து இன்னும் பாக்கி, பின்னாலேயே போக வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்தார், ஸ்டார்ட் செய்தார், கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டார். கை கியர் மேலேயே நின்றது. கால் கிளட்ச்சை விட்டு நழுவி, வண்டி ஒருமுறை குலுங்கி அணைந்துபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை.

"என்னால முடியல," என்றார், என்னைப் பார்த்து.

நடு வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர்தான் ஜன்னலருகே வந்தார். "நியூட்ரல்ல போடுங்க சார். ஸ்டேரிங் மட்டும் புடிங்க. நாங்க தள்ளிக்கினு போறோம்."

முன்பக்கம் நாலு பேர் கை வைத்துத் தள்ளினார்கள். பின்னால் இரண்டு பக்கமும் ஆள் நின்று வழி சொன்னார்கள். வாசல்களில் எல்லாரும் நின்று பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் வண்டி பின்னோக்கி ஊர்ந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. வேர்த்து வழிந்தது, கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, இடது, வலது, பின்னால், மறுபடி இடது. நான் தினமும் பக்கத்து சீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பேனோ அப்படி உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பயம் ஒரு நாளாவது அவருக்கும் வரட்டும் என்று எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். வந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வந்துவிட்டது. எனக்கு இருந்ததில் ஒரு துளிகூடக் குறையவில்லை.