ஸ்டெல்லா அக்காவுக்கு ஓர் இலை

ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் ஒரு கடையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் ஜேம்ஸ் அண்ணனின் அழைப்பு வந்தது. "ஸ்டெல்லா போயிட்டா லா. காலையில எழுப்புனேன், எந்திரிக்கல," என்றார். பிறகு, "வர்றப்ப சீனி வாங்கிட்டு வந்திரு. ஆளுங்க வருவாங்க, வீட்டுல சீனி இல்ல," என்றார். கிழங்கை அப்படியே போட்டுவிட்டுச் சீனிப் பையைத் தூக்கிக்கொண்டு, எதற்கு அழுகிறேன் என்று கடைக்காரருக்குச் சொல்லவும் வராமல் நின்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ஸ்டெல்லா அக்காவைத் தேவாலயத்தில் பாடுபவராகத் தெரியும். எனக்கு அவர் பக்கத்து மேசை. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் அலுவலகத்தில் பல வருடம் அருகருகே இருந்து வேலை செய்தோம். அவர் மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்தவர், அங்கத்து வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார். நான் யாழ்ப்பாணம். தொலைபேசியில் நான் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்று கதைப்பதைக் கேட்டுவிட்டு, "என்னா லா, காலையிலேயே மந்திரம் சொல்ற," என்று கேட்டதுதான் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கோபம் வந்தது. மதியம் அவருடைய நெத்திலிச் சம்பலைச் சாப்பிட்டதும் அது போய்விட்டது.

சித்திரையில் இங்கே இலையுதிர் காலம் வந்தால் அக்காவைப் பிடித்து வைக்க முடியாது. ஜேம்ஸ் அண்ணனோடு தென் தீவுக்குப் பறந்து, கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு கேம்பர்வேனை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓடிவிடுவார். "கோடையில போனா மனுசத் தலைதான் தெரியும். இலை விழுறப்ப போனாத்தான் மலை தெரியும்," என்பார். ஒரு வருடம் எங்களையும் கூப்பிட்டார். அடுப்பு, தொட்டி, கக்கூஸ் எல்லாவற்றுக்கும் சில்லுப் பூட்டி இழுத்துக்கொண்டு போவது என்ன விடுமுறை என்று நான் கேட்டேன். எதற்கும் உடனே தலையாட்டாத என் கணவர் சிவா இதற்கு மட்டும் உடனே தலையாட்டிவிட்டார்.

நான் தயங்கியதற்கு உண்மையான காரணம் வேறு. அந்த நாட்களுக்குள் சித்திரா பௌர்ணமி வந்தது. தாயை இழந்தவர்கள் விரதமிருந்து, மதியம் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகே சாப்பிட வேண்டும். அம்மா போன பிறகு எனக்கு வந்த முதல் சித்திரா பௌர்ணமி அது. விமானம் மாறி மாறி நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அம்மாவைத் தகனம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆக்லாந்தில் காகத்துக்கு எங்கே போவது என்று ஊரிலிருக்கும் என் அண்ணாவிடம் கேட்டேன். "ஏதாவது ஒரு பறவை தொட்டால் காணும்," என்றார். தொடாவிட்டால் என்று கேட்டதற்கு, "தொடும், தொடும்," என்று வேறு கதைக்குப் போய்விட்டார். தொடாவிட்டால் அம்மா என்னோடு கோபம் என்றுதான் அர்த்தம். அப்படித்தான் என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இதை ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். "கைலாசமும் மலைதான லா. அங்கயே செய்வோம்," என்றார், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத அந்த மனுசி.

வண்டியை ஓட்டியது அக்காதான். ஏற்றம் வந்தால், "வா ராசா, வா," என்று வேனைக் கொஞ்சுவார். ஜேம்ஸ் அண்ணனுக்கு வரைபடம் பார்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் வேலை. வழி நெடுக மரங்கள் மஞ்சளாக நின்றன. டெக்காப்போவுக்குப் பக்கத்தில் அலெக்சாண்ட்ரினா என்றொரு சிறிய ஏரி. காலையில் வேனின் கதவைத் திறந்தால் தண்ணீரில் கறுப்பு அன்னங்கள். அன்னம் என்றால் வெள்ளை அல்லவா என்று சிவா கேட்டார். "யாரு சொன்னா? என்னையப் பாரு," என்றார் அக்கா, கோப்பிக் கோப்பையோடு இடுப்பில் கைவைத்து நின்றபடி. அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்னங்கள் அக்கரைக்குப் போய்விட்டன.

சித்திரா பௌர்ணமியன்று ஆவோராக்கி மலையடிவார முகாமில் இருந்தோம். முகில் ஒன்றுமில்லை. பனி மூடிய மலை பக்கத்து வீடு மாதிரித் தெரிந்தது. நெத்திலி வாசம் போகும்வரை அக்கா சட்டியைத் தேய்த்துக் கொடுத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், பாயசம் எல்லாம் வேனின் அந்த ஓரடி இடத்தில் இருவருமாகச் சமைத்தோம். ஆக்லாந்திலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த வாழையிலையை ஒரு பாறையில் விரித்துச் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு குருவி கூட வரவில்லை. சோறு ஆறியது.

அப்போதுதான் ஒரு கியா வந்தது. வளைந்த சொண்டுள்ள பெரிய பச்சை மலைக்கிளி. தெருவில் ஆள் நடந்து வருவது மாதிரி நேரே இலையைப் பார்த்து நடந்து வந்தது. அம்மா வந்துவிட்டா என்று நான் கை கூப்பினேன். ஸ்டெல்லா அக்கா சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு குறுக்கே போய் நின்று அதை விரட்டினார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"விடுங்கோ அக்கா. உங்களுக்கு இது விளங்காது," என்றேன்.

"போர்டு போட்டிருக்கான் பாரு. நம்ம சாப்பாடு அதுக்கு ஆகாது. சீக்கு வந்திரும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாய்க்கு உப்பு ஆகாதுன்னு உங்கம்மா தெரு நாய்க்குக்கூட உப்புப் போடாம தனியா ஆக்குவாங்கன்னு சொன்னியே. அவங்களா இதுக்கு இந்தச் சோத்தக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

எப்போதோ மேசையில் சாப்பிடும்போது சும்மா சொன்ன கதை. அதை அவர் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அக்கா பாறைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நான் சாப்பிட்டா ஆகாதா? காக்கா மாதிரி கறுப்பாத்தான் இருக்கேன். தொண்டையும் அப்படித்தான்னு ஜேம்ஸ் சொல்றாரு. கூப்பிடு," என்றார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றேன். அவர் அசையவில்லை. அம்மா கிணற்றடியில் நின்று கூப்பிடுவது போலவே, "கா, கா," என்று கூப்பிட்டேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். "உப்புக் கம்மி லா," என்றார். பிறகு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பின்னால் அந்தக் கியா வேனின் வைப்பர் ரப்பரை உரித்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் அண்ணன் செருப்போடு ஓடினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். என் அம்மா சாப்பிட்டுவிட்டா என்று மனம் ஆறியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரா பௌர்ணமிக்கும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "காக்கா வந்திருக்கு லா," என்பார். முதல் கவளத்தில் உப்பைக் குறை சொல்வார். நான் சரியாகப் போட்டிருந்தாலும் சொல்வார்.

அக்கா போய் அடுத்த மாதமே இந்த வருடத்துச் சித்திரா பௌர்ணமி வந்தது. சமைத்துவிட்டுப் பின்வாசலில் இலையோடு நின்றேன். கேற் திறக்கும் சத்தம் கேட்டது. ஜேம்ஸ் அண்ணன், அடக்கத்துக்குப் போட்டிருந்த அதே கறுப்புக் கோட்டோடு. "அவ இல்லன்னா நீ சாப்பிட மாட்டியேன்னு வந்தேன்," என்றார்.

உள்ளே கூட்டிவந்து இருத்தி, அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் அக்காவுக்கென்று இன்னோர் இலை போட்டேன். பிறகு தனிச் சட்டியை அடுப்பில் வைத்து நெத்திலி பொரித்தேன். விரத நாளில் எங்கள் வீட்டில் நெத்திலி பொரிந்தது அன்றுதான். சிவா எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டா. யாருக்கு எது ஆகும் என்று பார்த்துப் போடுகிறவர் அவர். அதை எனக்கு மலையடிவாரத்தில் திருப்பித் தந்தவர் ஸ்டெல்லா அக்கா. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அதுதான்.

பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். ஜேம்ஸ் அண்ணன் முதலில் அம்மாவின் இலையில் ஒரு கவளம் எடுத்தார். பிறகு மற்ற இலையில் நெத்திலியோடு ஒரு கவளம் எடுத்து, வாயில் வைத்துக்கொண்டு வெகு நேரம் மென்றார்.

"உப்புக் கம்மி லா," என்றார்.